வாஷிங்டன் ஓநாய்ப் பஞ்சாயத்து: மேசைக்கு வந்ததும் வராததும்

2016 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசு ஹெலிகாப்டரில் ஆளனுப்பி ஓநாய்களைச் சுட்டது. அரசு ஓநாய் சுடுவது புதிதில்லை, நான்கு வருஷம் முன்பும் அதைச் செய்திருந்தது. புதிதாக நடந்தது வேறு. வனவிலங்குப் பாதுகாப்புக்கென்றே இருக்கும் நான்கு அமைப்புகள் இந்த முறை வழக்கும் போடவில்லை, கொடியும் பிடிக்கவில்லை. நடப்பது வேதனைதான், ஆனாலும் ஓநாய் மீண்டு வரவும் வேண்டும், கிராமத்து மக்கள் பிழைக்கவும் வேண்டும் என்று எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசிய ஏற்பாட்டை விட்டு விலக மாட்டோம் என்ற பொருளில் ஒரு கூட்டறிக்கை விட்டன. அதே ஏற்பாட்டுக்கு மாட்டுப் பண்ணைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் தலையாட்டியிருந்தார்கள்.

ஓநாய்ச் சண்டைகளில் இப்படி ஒரு ஒப்புதல் அரிது. அதனால்தான் மனித–விலங்கு மோதல் பற்றி எழுதுகிறவர்கள் வாஷிங்டன் மாநிலத்தின் ஓநாய் ஆலோசனைக் குழுவை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். (தலைநகர் வாஷிங்டன் வேறு. இது சியாட்டில் இருக்கும் மேற்குக் கரை மாநிலம்.) எடுத்துக்காட்டுகிறவர்களில் பலர் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒப்புதல் எப்படி வந்தது, வந்த பிறகும் ஒரே ஒரு மலைத்தொடரில் மட்டும் அது ஏன் திரும்பத் திரும்ப உடைந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வழக்கு புரியும்.

ஓநாய் தானாக வந்தது

சுட்டும், பொறி வைத்தும், விஷம் வைத்தும் 1930கள் வாக்கில் இந்த மாநிலத்தில் ஓநாயை ஒழித்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து விட்டது யாரும் இல்லை. பக்கத்து மாநிலமான ஐடஹோவிலும், வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பெருகிய ஓநாய்கள் தாமாக எல்லை தாண்டி வந்தன. 2008இல் மெத்தாவ் பள்ளத்தாக்கில் குட்டிகளோடு ஒரு கூட்டம் இருப்பது உறுதியானது. எழுபது ஆண்டுகளில் அதுதான் முதல் கூட்டம்.

அதே ஆண்டு டிசம்பரில் ஓமாக் என்ற சிற்றூரில், கனடாவுக்கு அனுப்பச் சொல்லி கூரியர் கடையில் கொடுத்த ஒரு பார்சலிலிருந்து ரத்தம் கசிந்தது. பிரித்தால் உள்ளே ஓநாய்த் தோல். சம்பந்தப்பட்ட குடும்பத்தினர் 2012இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆக, முதல் கூட்டம் கண்ணில் பட்ட வருஷமே மோதலும் தொடங்கிவிட்டது.

ஓநாய்களை அரசே ரகசியமாகக் கொண்டுவந்து விட்டது என்ற வதந்தி கிழக்கு மாவட்டங்களில் வெகுகாலம் ஓடியது. மாநில மீன், வனவிலங்குத் துறை (இனி துறை) பலமுறை மறுத்தும் ஓயவில்லை. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த வதந்தி ஏன் நம்பப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த மாநிலத்தைக் காஸ்கேட் மலைத்தொடர் இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே சியாட்டில், மென்பொருள் நிறுவனங்கள், மக்கள்தொகை, அதனால் வாக்குகள். வடகிழக்கு மூலையில் ஸ்டீவன்ஸ், பெர்ரி, பெண்ட் ஒரேய் என்று மூன்று மாவட்டங்கள். பெர்ரி மாவட்டம் முழுவதிலும் ஏழாயிரம் சொச்சம் பேர்தான். மரம் வெட்டுவதும் மாடு வளர்ப்பதும்தான் அங்கே பிழைப்பு. 1996இல் நாய்களை விட்டுப் பூமாவை (பூனை இனத்தைச் சேர்ந்த பெரிய காட்டு விலங்கு) வேட்டையாடுவதையும், இரை வைத்துக் கரடியை வேட்டையாடுவதையும் மாநிலம் தழுவிய வாக்கெடுப்பில் தடை செய்தார்கள். பூமா இருக்கும் ஊர்க்காரர்கள் பார்வையில், அதைப் பார்த்தே இராத நகரத்துக்காரர்கள் தங்களுக்குச் சட்டம் போட்டார்கள். ஓநாய் வந்தபோது அந்தப் பழைய காயம் ஆறாமல் இருந்தது. ஓநாயும் நகரத்துக்காரன் அனுப்பியது என்று நம்புவது அதன் தொடர்ச்சிதான்.

2007இல் 17 பேர் கொண்ட குழு ஒன்றை வைத்து, 2011 டிசம்பரில் மாநிலம் ஓநாய் மீட்புத் திட்டத்தை ஏற்றது. மாநிலத்தைப் பிரித்த மூன்று மண்டலங்களிலும் பரவி, 15 இனப்பெருக்க இணைகள் (குட்டி வளர்க்கும் ஆண்–பெண் ஜோடிகள்) மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால் அழியும் நிலையிலுள்ள விலங்குகளின் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்பது கணக்கு. இழப்பீட்டில் தாராளம் காட்டினார்கள். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலத்தில் ஒரு கன்றை ஓநாய் கொன்றது உறுதியானால் இரண்டு கன்றுக்கான முழுச் சந்தை விலை. கண்ணில் படாமல் போகும் இழப்புக்கும் சேர்த்து அந்த இரட்டிப்பு.

காகிதத்தில் எல்லாம் சரிதான். அதே 2011இல் மாநிலத்தின் கிழக்கு மூன்றில் ஒரு பங்கில் மத்திய அரசின் பாதுகாப்பு நீங்கியது, மீதிப் பகுதியில் தொடர்ந்தது. ஓநாய்களும் பெரும்பாலும் அந்தக் கிழக்கு மூலையிலேயே பெருகின. அழியும் விலங்கு என்ற பட்டம் மாநிலம் முழுமைக்கும், ஓநாய் மட்டும் எங்கள் மேய்ச்சல் காட்டுக்கு என்று வடகிழக்குக்காரர்கள் பேசத் தொடங்கினார்கள்.

2012: ஏழு ஓநாய்கள், 77,000 டாலர்

கனடா எல்லையை ஒட்டி, கெட்டில் ஆறும் கொலம்பியா ஆறும் சேருமிடத்தில் ஆப்பு வடிவில் ஒரு நிலம் இருக்கிறது. அதன் பெயரே வெட்ஜ். அங்கே மேய்ந்த மாடுகளை ஒரு கூட்டம் தொடர்ந்து தாக்கியது. ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஹெலிகாப்டரிலிருந்து ஆறு என்று மொத்தம் ஏழு ஓநாய்களைத் துறை சுட்டது. செலவு சுமார் 77,000 டாலர். அந்த ஆண்டு முடிவில் மாநிலம் முழுக்க எண்ணியும் குறைந்தபட்சம் 51 ஓநாய்கள்தான் தேறின.

மேற்கே கொந்தளித்தார்கள். கிழக்கே, இத்தனை தாமதமா என்று கொந்தளித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களிலேயே சிலர் இழப்பீட்டுப் பணத்தைத் தொட மறுத்தார்கள். அதை வாங்கினால் ஓநாய் இருப்பதை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். பணத்தால் தீரும் சண்டை இது இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

2013இல் துறை ஓநாய் ஆலோசனைக் குழுவை அமைத்தது. குழு இருந்தும் 2014இல் மறுபடி அதே கதை. ஸ்டீவன்ஸ் மாவட்டத்தின் தெற்கில் ஹக்கிள்பெரி கூட்டம் பெரிய ஆட்டுக் கிடை ஒன்றைத் தாக்கியது. ஹெலிகாப்டர் போனது, ஒரே ஒரு ஓநாய் சுடப்பட்டது. சுடப்பட்டது அந்தக் கூட்டத்தின் தாய் ஓநாய். எந்தத் தரப்புக்கும் திருப்தி இல்லாத வகையில் ஒரு காரியத்தைச் செய்வது எப்படி என்று யாராவது பாடம் நடத்தினால் இதை முதல் பாடமாக வைக்கலாம்.

ஒரு கன்றின் தோலுக்கடியில்

சண்டை எவ்வளவு சின்ன இடத்தில் தொடங்குகிறது என்று பார்க்க, விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காட்டில் ஒரு கன்று செத்துக் கிடப்பதாகத் தகவல் வருகிறது. துறை ஆள் போய் அதன் தோலை உரிக்கிறார். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கும், சதை கன்றிப்போயிருக்கும். செத்த பிறகு வந்து தின்றிருந்தால் அப்படி இராது. பல் பதிந்த இடைவெளியை அளக்கிறார். பின்தொடையில் கடியா, கழுத்தில் கடியா என்று பார்க்கிறார். கழுத்தென்றால் பூமாவாகவும் இருக்கலாம். சுற்றுவட்டத்தில் கால்தடம், கன்று ஓடிய தடம், ஒடிந்த செடி. இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய ஓநாய் அந்த ஏரியாவில் இருந்தால் அன்றிரவு அது எங்கே இருந்தது என்ற பதிவு. இத்தனையும் பார்த்துவிட்டு உறுதி, அநேகமாக ஓநாய், உறுதியாகவில்லை என்று ஒரு வகையில் போடுகிறார்.

ஆகஸ்ட் வெயிலில் சடலம் எத்தனை நாள் தாங்கும்? கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய்), காக்கை, புழு. இரண்டு மூன்று நாள் தாமதமானால் உரிக்கத் தோலே இருக்காது. மலைச்சரிவும் அடர்ந்த மரமும் உள்ள அந்தக் காட்டில் கன்று செத்ததே தெரியாமல் போவது சகஜம். இலையுதிர் காலத்தில் மாடுகளை இறக்கி எண்ணும்போதுதான் குறைவது தெரியும். ஐடஹோவில் நடந்த ஓர் ஆய்வில், ஓநாய் கொன்ற கன்றுகளில் எட்டில் ஒன்றுதான் கண்ணில் பட்டது என்று கணக்கிட்டார்கள். பண்ணைக்காரர் இந்த எட்டைச் சொல்கிறார். ஓநாய் ஆர்வலர் துறையின் உறுதிப்பட்ட எண்ணைச் சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

துறை மீது நம்பிக்கை இல்லாமல் ஸ்டீவன்ஸ், பெர்ரி மாவட்ட ஷெரிப்புகள் (மாவட்டக் காவல் தலைவர்கள்) தங்களுக்கென்று தனியாக வனவிலங்கு நிபுணரை வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். ஒரே கன்றுக்கு இரண்டு விசாரணை. அறிவியலும் கட்சி பிரிந்தது. ஓநாயைக் கொன்றால் அடுத்த ஆண்டு கால்நடை இழப்பு கூடுகிறது என்று 2014இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வில்கஸும் இன்னொருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். அதே தரவை வேறு விதமாகக் கணக்கிட்ட மற்றவர்கள், முடிவு எதிர்மாறாக வருகிறது என்றார்கள். அப்புறம் ஆளுக்கொரு ஆய்வு கையில்.

மேடன் வருகிறார்

2015இல் துறை வெளியிலிருந்து பிரான்சின் மேடன் என்பவரை அழைத்து வந்தது. உகாண்டாவில் மலைக் கொரில்லாக்கள் வாழைத் தோட்டங்களுக்குள் இறங்கும் பிரச்சினையில் 1990களில் வேலை செய்தவர். மனித–வனவிலங்கு மோதலில் மத்தியஸ்தம் செய்வதே அவர் தொழில். ஒப்பந்தத் தொகை எட்டு லட்சம் டாலருக்கு மேல். பேசிப் பேசியே இத்தனை பணமா என்று இரு தரப்பும் கேட்டன. குறைந்தபட்சம் அதிலாவது ஒற்றுமை.

அவருடைய அணுகுமுறை சர்வதேச அமைதிப் பேச்சுவார்த்தைகளிலிருந்து எடுத்தது. எந்த மோதலுக்கும் மூன்று அடுக்கு உண்டு என்கிறார். மேலே தெரிவது உடனடித் தகராறு: இந்தக் கன்றைக் கொன்றது ஓநாயா, இல்லையா, என்ன விலை. அதற்கடியில் பழைய பாக்கி: போன முறை நீங்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை, எங்களைக் கேட்காமல் முடிவெடுத்தீர்கள். அதற்கும் அடியில், நான் யார் என்ற கேள்வி. மூன்று தலைமுறையாக இந்த மலையில் மாடு ஓட்டுகிறவனைக் காட்டை அழிக்க வந்தவன்போல் நடத்துகிறார்கள் என்று ஒருவருக்கு. அழித்த விலங்கு திரும்பி வருவதற்கும் இடம் தராத சமூகத்தில் என்ன அறம் மிச்சம் என்று இன்னொருவருக்கு. மேலடுக்கில் மட்டும் பேரம் பேசினால் கீழ் இரண்டு அடுக்கும் அடுத்த கன்று செத்ததும் மேலே வந்துவிடும்.

இதைக் கேட்கச் சாதாரணமாக இருக்கும். நடைமுறையில் கடினம். குழுவில் 18 பேர்: மாட்டுப் பண்ணைக்காரர்கள், வேட்டைக்காரர்கள், பாதுகாப்பு அமைப்புகளின் ஆட்கள். கூட்டங்கள் ஒரு ஊரிலேயே நடக்காமல் மாநிலத்தின் பல ஊர்களுக்கும் போயின, பெரும்பாலும் இரண்டு நாள் நடந்தன, பொதுமக்களும் வந்து உட்காரலாம். உடனே எதையாவது தீர்மானம் போடும் அவசரத்தை மேடன் விடவில்லை. முதல் பல மாதங்கள் எப்படிப் பேசுவது, எப்படி முடிவெடுப்பது, ஒருவர் சொல்வதை இன்னொருவர் எப்படிக் கேட்பது என்பதிலேயே போயின. பொருள் என்ன என்பதோடு, வழிமுறை நியாயமாக இருந்ததா, மனிதர்களுக்குள் உறவு எப்படி இருக்கிறது என்ற இரண்டும் சரியானால்தான் ஒப்பந்தம் நிற்கும் என்பது அவர் வாதம்.

நம் ஊர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில் பெரியவர் முதலில் வெற்றிலைத் தட்டை நகர்த்தி நல்லது கெட்டது விசாரித்துவிட்டு வழக்குக்கு வருவாரே, ஏறக்குறைய அதே வேலைதான். அதைப் பாடத்திட்டமாக்கிக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்.

ஓராண்டுப் பேச்சுக்குப் பிறகு 2016இல் நெறிமுறை ஒன்றில் ஒப்புதல் வந்தது. ஒரு காலண்டர் ஆண்டில் நான்கு உறுதிப்பட்ட தாக்குதல், அல்லது அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆறு. அதற்குப் பிறகே சுடுவது பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் பண்ணைக்காரர் தடுப்பு வழிகளைச் செய்திருக்க வேண்டும். செத்த மாட்டை அப்படியே போட்டு வைக்கக் கூடாது, அது ஓநாயை விருந்துக்கு அழைப்பது. சுட்டாலும் முதலில் ஒன்றிரண்டு, பிறகு நிறுத்தி, தாக்குதல் நின்றதா என்று பார்க்க வேண்டும். 2017இல் இதைத் திருத்தினார்கள்: 30 நாளில் மூன்று, அல்லது 10 மாதத்தில் நான்கு, தடுப்பு வழிகள் குறைந்தது இரண்டு. சீக்கிரம் நடவடிக்கை என்பது பண்ணைக்காரர் கேட்டது. தடுப்பைக் கூட்டு என்பது மற்றவர் கேட்டது. இரண்டும் ஒரே திருத்தத்தில் ஏறின.

தடுப்பு வழிகள் என்றால்? கன்று போடும் பட்டியைச் சுற்றிக் கயிற்றில் சிவப்புத் துணித் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிடுவது. ஓநாய் அதைத் தாண்டத் தயங்கும், சில வாரங்களில் பழகிவிடும். கயிற்றில் மின்சாரம் ஏற்றினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். விட்டுவிட்டு எரியும் விளக்கு, காவல் நாய், கன்றுகள் நன்றாக வளர்ந்த பிறகே காட்டுக்கு ஏற்றுவது. எல்லாவற்றிலும் முக்கியமானவர் ரோந்துக்காரர். குதிரையிலோ மோட்டார் வண்டியிலோ தினமும் மந்தையைச் சுற்றி வருகிறவர், நோயுற்ற மாட்டைக் கண்டுபிடிக்கிறவர், சிதறிய மாட்டைச் சேர்க்கிறவர். அடர்காட்டில் ஒரு ஆள் எத்தனை சரிவைப் பார்க்க முடியும் என்பது வேறு விஷயம். ரோந்து போனதாகக் கணக்கெழுதிவிட்டு நகரத்தில் சுற்றிய ரோந்துக்காரர் அரசு விசாரணையில் மாட்டியதும் உண்டு. அந்த ஒரு செய்தி பேச்சுவார்த்தைக்குச் செய்த சேதம் கொஞ்சமல்ல.

முதல் சோதனை

நெறிமுறையின் மை காய்வதற்குள் பெர்ரி மாவட்டத்தில், கெட்டில் மலைத்தொடரில், கொல்வில் தேசியக் காட்டில் புரொபானிட்டி பீக் கூட்டம் மாடுகளைத் தாக்கியது. வரம்பு தாண்டியது. துறை இயக்குநர் ஜிம் அன்ஸ்வொர்த் அனுமதி கொடுத்தார். ஏழு ஓநாய்கள் சுடப்பட்டன, செலவு 1,35,000 டாலர் அளவில்.

துறை ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, பண்ணைக்காரர்களுக்கும் வந்தன. பண்ணைக்காரர் வேண்டுமென்றே ஓநாய்க் குகையின் மேலேயே மாட்டை விட்டார் என்று வில்கஸ் பத்திரிகையிடம் சொன்னார். அவருடைய பல்கலைக்கழகமே அது தவறு, மாடுகள் நான்கு மைல் தள்ளித்தான் விடப்பட்டன என்று பகிரங்கமாக மறுத்தது. கல்விச் சுதந்திரத்தைப் பறிக்கிறார்கள் என்று வில்கஸ் தரப்பு. 2018இல் மூன்று லட்சம் டாலர் சமரசத்தோடு அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார்.

அந்த வாரங்களில்தான் முதலில் சொன்ன கூட்டறிக்கை வந்தது. உல்ப் ஹேவன், கன்சர்வேஷன் நார்த்வெஸ்ட், டிபண்டர்ஸ் ஆப் வைல்டுலைப், ஹியூமேன் சொசைட்டி என்று நான்கு அமைப்புகள். தங்கள் சந்தாதாரர்களிடமே ஏச்சு வாங்கிக்கொண்டு அவர்கள் நின்றார்கள். ஓராண்டு முன்பு இது நடந்திருக்காது. மேடனின் முறை வேலை செய்தது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆனால் அதே இடத்தில் அதன் எல்லையும் தெரிந்தது. அறைக்குள் இருந்த பதினெட்டுப் பேர் மாறினார்கள். அறைக்கு வெளியே இருந்தவர்கள் அந்த இரண்டு நாள் கூட்டங்களில் உட்காரவில்லை, எதிர்த்தரப்போடு சேர்ந்து சாப்பிடவில்லை, மாற வேண்டிய காரணமும் அவர்களுக்கு இல்லை. சென்டர் பார் பயாலஜிக்கல் டைவர்சிட்டி, காஸ்கேடியா வைல்ட்லேண்ட்ஸ் ஆகிய பாதுகாப்பு அமைப்புகள் 2017இல் வழக்குப் போட்டன. பண்ணைக்காரர்களிலும் ஒரு பகுதி அந்தக் குழுவைத் தங்கள் பிரதிநிதியாக ஏற்கவே இல்லை. உறவை வைத்துக் கட்டிய ஒப்பந்தம் உறவு உள்ளவர்களைத்தான் கட்டும். பிரதிநிதி வீட்டுக்குப் போய்த் தன் ஆட்களிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதற்கும் அதே அளவு காசும் பொறுமையும் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

மறுபடியும் கெட்டில்

புரொபானிட்டி பீக் கூட்டம் போன இடத்தில் புதிய ஓநாய்கள் வந்து குடியேறின. இடம் நல்ல இடம், இரை உண்டு, வராமல் என்ன செய்யும்? துறை அதற்குப் பழைய புரொபானிட்டி பகுதிக் கூட்டம் என்றே பெயர் வைத்தது. 2018இல் அதிலும் சுட்டார்கள். 2019இல் மிச்சத்தையும் சுட்டார்கள். ஆகஸ்ட் 16 அன்று அதன் கடைசி நான்கு ஓநாய்களைக் காலையிலேயே சுட்டு முடித்தார்கள். அதே நாள் சியாட்டில் நீதிமன்றத்தில் அதைத் தடுக்கக் கோரிய மனு விசாரணைக்கு இருந்தது. நீதிபதி தடை கொடுத்தார், தடுக்க ஓநாய் இல்லை.

சட்டப்படி துறை செய்தது தவறில்லை என்று வாதாடலாம். வழிமுறையின் நியாயம்தான் எல்லாம் என்று நான்கு வருஷம் பேசிய ஒரு துறை, வழக்கு எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு சுட்டு முடித்தது எந்த வகையில் பார்த்தாலும் கெட்ட காரியம். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில், மீட்சிக்குப் பிந்தைய ஓநாய்க் கொள்கை பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க வைத்திருந்த நேரடிக் கூட்டங்களை, மிரட்டல் காரணமாகத் துறை ரத்து செய்து இணைய வழிக்கு மாற்றியது. பேச்சு வளர்க்க வந்த துறை நேரில் பேசவே முடியாத நிலை.

அந்த ஆண்டு சட்டமன்றத்திலும் ஒரு கூத்து நடந்தது. சியாட்டிலுக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவு அடங்கிய தொகுதியின் உறுப்பினர் ஓநாய் சுடுவதைத் தடை செய்ய மசோதா கொண்டுவந்தார். வடகிழக்கைச் சேர்ந்த பண்ணைக்கார உறுப்பினர் ஜோயல் கிரெட்ஸ் பதிலுக்கு, பெயின்பிரிட்ஜ் தீவையே ஓநாய்ச் சரணாலயமாக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். நையாண்டிதான். ஆனால் ஊர்க்காரர் மனக்குறை முழுவதும் அதில் அடங்கியிருந்தது.

2019 செப்டம்பர் 30 அன்று ஆளுநர் ஜே இன்ஸ்லீ துறைக்குக் கடிதம் எழுதினார். இந்த ஒரு நிலப்பரப்பில் அதே முறையைத் தொடர முடியாது என்பது அதன் சாரம். 2020இல் வெட்ஜ் கூட்டத்தின் எஞ்சிய ஓநாய்களும் சுடப்பட்டன, எட்டு வருஷம் முன்பு ஏழு ஓநாய்கள் செத்த அதே ஆப்பு நிலத்தில். கட்டாய விதி எழுதச் சொல்லி ஆளுநர் உத்தரவிட்டார். துறையை மேற்பார்வையிடும் ஆணையம் வரைவை இரண்டு வருஷம் இழுத்து 2022 ஜூலையில் வேண்டாம் என்று வாக்களித்தது.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் மாநிலத்தின் ஓநாய்க் கூட்டங்களில் பெரும்பங்குக்கு எந்தக் கால்நடையோடும் தகராறு இல்லை. இந்த ஆண்டுகளில் அரசு சுட்ட ஓநாய்களில் பெரும்பாலானவை வடகிழக்கு மூலையிலுள்ள சில மேய்ச்சல் பகுதிகளில், அதிலும் பெரும்பாலும் ஒரே பண்ணைக் குடும்பத்தின் மாடுகளுக்காகச் சுடப்பட்டவை. மாநிலம் தழுவிய தத்துவச் சண்டை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் சில சதுர மைல் சண்டை.

அந்தச் சில சதுர மைல் யாருடையது? பண்ணைக்காரருடையது இல்லை, மாநிலத்துடையதும் இல்லை. மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தமான காடு. கோடையில் அங்கே மாடு மேய்க்க வனத்துறை உரிமம் தருகிறது. 2019இல் ஒரு தாய்மாடும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்குக் கட்டணம் 1.35 டாலர். பொதுக் காட்டில் ஒன்றரை டாலருக்கும் குறைவாக மேயும் மாட்டுக்காக, பொதுப் பணத்தில் ஹெலிகாப்டர் வைத்துப் பொதுச் சொத்தான ஓநாயைச் சுடுவதா என்று மேற்கத்தியர் கேட்பது இதனால்தான். பண்ணைக்காரரிடமும் பதில் உண்டு. அந்த உரிமத்தை நம்பித்தான் கீழே பள்ளத்தாக்கில் தன் சொந்த நிலத்தில் குளிர்காலத்துக்கு வைக்கோல் போடுகிறார். கோடை மேய்ச்சல் போனால் பண்ணை போச்சு, நிலம் துண்டு துண்டாக விலை போகும், அங்கே வரும் விடுமுறை வீடுகளில் ஓநாய்க்கும் இடமிருக்காது.

இரண்டும் கேட்க வேண்டிய வாதங்கள். ஆனால் ஆலோசனைக் குழு இவற்றை முடித்துவைக்கவே முடியாது. எந்தச் சரிவில் மாடு ஏற்றலாம், எந்த வருஷம் எந்தப் பகுதியைக் காலியாக விடலாம், ஓநாய்க் குட்டி இருக்கும் மாதங்களில் எங்கே தள்ளி மேய்க்கலாம் என்று உரிமத்தில் எழுதும் அதிகாரம் மத்திய வனத்துறைக்குத்தான் உண்டு. குழுவோ மாநிலத் துறைக்கு ஆலோசனை சொல்லும் குழு. ஆகவே குழு எதைப் பேசியது? எத்தனை கன்று செத்தால் எத்தனை ஓநாய் சுடலாம் என்று. மாடும் ஓநாயும் ஒரே சரிவில் சந்திக்க வேண்டியது அவசியம்தானா என்பது கையிலிருந்த பட்டியலிலேயே இல்லை. என் மதிப்பீட்டில் இந்த வழக்கின் முடிச்சு இதுதான். மேடனின் முறையில் குறையில்லை. தீர்க்கும் அதிகாரம் உள்ளவர் நாற்காலியில் உட்காராத மேசையில் அந்த முறையை வைத்தார்கள். 2020இல் சில பாதுகாப்பு அமைப்புகள் கொல்வில் காட்டின் மேய்ச்சல் உரிமங்கள் தொடர்பாக மத்திய வனத்துறை மீதே வழக்குப் போட்டன. சரியான வாசலைத் தட்டினார்கள், ஆனால் வக்கீலோடு.

பக்கத்திலேயே இன்னொரு ஏற்பாடும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கெட்டிலுக்குத் தெற்கே கொல்வில் பழங்குடிக் கூட்டமைப்பின் காப்புநிலம். அங்கே ஓநாய் விஷயத்தை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தங்கள் உறுப்பினர்கள் ஓநாய் வேட்டையாட அனுமதித்தார்கள், 2019இல் அதை ஆண்டு முழுவதும் திறந்தார்கள். ஓநாய் அங்கே அழிந்துவிடவில்லை. சியாட்டிலில் பேரணியும் நடக்கவில்லை. இறையாண்மை உள்ள மக்கள் தங்கள் நிலத்தில் எடுத்த முடிவு என்று வெளியார் ஒதுங்கிக்கொண்டார்கள். பெர்ரி மாவட்டத்துப் பண்ணைக்காரர்கள் ஏங்குவதும் ஏறக்குறைய இதற்குத்தான். அவர்களுக்கு அது கிடைக்க வழியில்லை, பொதுக் காடு எல்லோருக்கும் பொது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மீட்சி நடந்திருக்கிறது. 2012இல் 51, 2016இல் 115, 2020இல் 178, 2023 முடிவில் 260 ஓநாய்கள், 42 கூட்டங்கள். 2024 முடிவில் 230. எண்ணத் தொடங்கியதிலிருந்து முதல் சரிவு. காஸ்கேட்டின் தெற்கு மண்டலத்தில் மட்டும் அப்போதும் இனப்பெருக்க இணை ஒன்றும் நிலைக்கவில்லை. ஆகவே 2011 திட்டத்தின் கணக்கு அப்போதும் நிறைவேறவில்லை, கிழக்கில் ஓநாய் நிறைந்தபோதும். அழியும் நிலை என்ற பட்டத்தைக் குறைக்கலாம் என்று துறையே பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் ஆணையம் மறுத்துவிட்டது. கோல் கம்பத்தை நகர்த்திக்கொண்டே போகிறார்கள் என்று கிழக்கில் சொன்னார்கள், கம்பம் 2011இல் நட்ட இடத்தில்தான் இருக்கிறது என்று மேற்கில் சொன்னார்கள். ஆலோசனைக் குழு தொடர்ந்து கூடுகிறது. கொல்வில் காட்டின் உரிமங்களில் ஜூன் பிறந்தால் மாடு ஏறுகிறது.